இருபது ரூபாய் தபால்தலை, அறுபது ரூபாய் தபால் செலவு

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை இந்தியாவில் இல்லை. விரைவுத் தபாலோடு அதை இணைத்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீசும் வங்கிக் கடிதமும் எந்தப் பெயரில் வந்தால் என்ன என்று பெரும்பாலானவர்கள் அந்தச் செய்தியைக் கடந்து போனார்கள். தபால்தலை, நாணயம், பழைய நோட்டு, தீப்பெட்டிப் படம் என்று சேகரித்து ஒருவருக்கொருவர் விற்று வாங்குகிறவர்களால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்த ஒரு சேவையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பார்த்தால் புரியும். 20 கிராம் எடையுள்ள பதிவுத் தபாலுக்கு முன்பு வரியோடு 25 ரூபாய் 96 காசு. இப்போது 50 கிராம் வரையிலான விரைவுத் தபாலுக்கு உள்ளூர் என்றால் 19 ரூபாய், வெளியூர் எதுவானாலும் 47 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள கட்டணம் இது. உரிய ஆளின் கையிலேயே சேர வேண்டும் என்றால் பதிவுக்குத் தனியாக 5 ரூபாய். 18 சதவீத வரியும் சேர்ந்தால் வெளியூர்க் கவர் ஒன்றுக்கு 61 ரூபாய் 36 காசு. மதுரையிலிருந்து இருபது ரூபாய்த் தபால்தலை ஒன்றைக் கோவைப் பையனுக்கு விற்றால், பொருளைவிட மூன்று மடங்கு தபாலுக்குப் போகிறது.

மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் சென்னைச் சேகரிப்பாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைக்காரரின் தட்டில் கையை விட்டுத் தேடி, பேரம் பேசி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். 1985இல் அந்தச் சந்தை எரிந்துபோனது. கண்காட்சிகளும், 1956 முதல் இயங்கும் தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் நேரில் சந்திக்க இடம் கொடுக்கின்றன. ஆனாலும் அன்றாட விற்பனை வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இணைய ஏலத்துக்கும் போய்விட்டது. பொருளைக் கையில் கொடுக்கும் வேலை இப்போது கவருடையது. எந்தக் கவர், எந்த அட்டை, எந்தத் தபால் என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது விற்பவரின் தொழிலில் பாதி.

ஐந்து ரூபாயில் எது போகலாம்?

சாதாரணக் கடிதம் இன்னும் 20 கிராமுக்கு 5 ரூபாய்தான். எங்கே போகிறது என்று பார்க்க எண் கிடையாது, கையெழுத்து கிடையாது, தொலைந்தால் இழப்பீடும் கிடையாது. அதனால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஐம்பது, நூறு ரூபாய்ச் சரக்குக்கு, வாங்குபவரிடம் முன்பே சொல்லி அவர் சம்மதித்தால், இதுவே நியாயமான வழி. சொல்லாமல் அனுப்புவதுதான் தவறு. தபால் செலவு என்று அறுபது வாங்கிக்கொண்டு ஐந்து ரூபாய்த் தலை ஒட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

20 கிராமுக்குள் எவ்வளவு அடக்கலாம்? ஏ4 தாள் ஒன்று 5 கிராம். கல்யாணப் பத்திரிகைக்குப் பயன்படும் 300 ஜி.எஸ்.எம். அட்டையில் 14க்கு 9 செ.மீ. துண்டு ஒன்று நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படி இரண்டு அட்டைக்கு நடுவில் பட்டர் பேப்பர் உறையில் தலையை வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றும் கவரும் சேர்த்தால் பதினைந்து கிராம் அளவில் நிற்கும். அதே கவரில் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைப் போட்டால் நாணயம் மட்டுமே 11.66 கிராம், எல்லை தாண்டிவிடும். அப்படிப்பட்ட பொருளைச் சாதாரணத் தபாலில் விடுவதே கூடாது என்பது வேறு விஷயம்.

வெளியூர் விரைவுத் தபாலில் 50 கிராம் என்பதுதான் கவனிக்க வேண்டிய கோடு. 51ஆவது கிராமில் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததாக மாறுகிறது. 250 கிராம் வரை 200 கி.மீ.க்குள் 59 ரூபாய், 2,000 கி.மீ. தாண்டினால் 77 ரூபாய். நாலு கிராம் அட்டை கூடுதலாக வைத்ததால் குவாஹாட்டிக்குப் போகும் கவருக்கு 30 ரூபாய் கூடிவிடும். அதனால் அனுபவசாலிகள் வீட்டிலேயே சிறிய டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் வாங்கியவற்றைச் சேர்த்து ஒரே கவரில் அனுப்புவதும் இந்தக் கோட்டை மனதில் வைத்துத்தான். பத்துத் தபால்தலை வாங்கினாலும் ஒன்று வாங்கினாலும் தபால் செலவு ஒன்றே என்று விற்பவர் விவரம் சொன்னால், வாங்குபவர் மேலும் நாலு எடுப்பார்.

தலைக்கு ஈரம் பகை

பொருளின் விலை எந்தத் தபால் என்பதைத் தீர்மானிக்கும். எப்படிக் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது, அந்தப் பொருள் எதனால் கெடும் என்பதுதான். இதைக் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் பபிள் ஷீட்டில் சுற்றுகிறவர்கள் அதிகம்.

பயன்படுத்தாத தபால்தலையின் மதிப்பில் பெரும்பங்கு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. பசை கலையாமல், ஒட்டிய தடம் இல்லாமல் இருந்தால் ஒரு விலை. கலைந்திருந்தால் அதில் ஒரு பகுதிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பும் கவருக்குள் ஈரக்காற்று புகுந்தால் அந்தப் பசை இளகும். பட்டர் பேப்பர் உறையே தலையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே மற்ற கட்டுகளின் கனமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே பசையுள்ள தலைக்குக் கறுப்பு அடித்தாள் வைத்த பிளாஸ்டிக் மவுன்ட் அல்லது ஸ்டாக் கார்டு நல்லது. முத்திரை விழுந்து கழுவிய தலைக்குப் பட்டர் பேப்பர் போதும்.

அதன்மேல் ஜிப் பை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மழை பெய்துகொண்டிருக்கும்போது பையை மூடினால் அந்த ஈரக்காற்றையும் உள்ளே வைத்து மூடுகிறோம். வெயில் உள்ள பகலில் கட்டுவதே முறை. தினசரி காலண்டரின் பின்னட்டையை வெட்டி வைப்பது நம் ஊர் வழக்கம். உறுதியான அட்டைதான், ஆனால் ஈரத்தை இழுக்கும், எடையும் கூடுதல். தலையை நேரடியாக அதன்மேல் படவிடாமல் பிளாஸ்டிக் பைக்கு வெளியே வைத்தால் குறையில்லை. தினத்தாளில் சுற்றவே கூடாது. மை மறுபக்கம் இறங்கும்.

கவரில் முகவரி எழுதுவது எப்போது? தலையை உள்ளே வைப்பதற்கு முன். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் உள்ளே இருப்பதில் கோடாகப் பதியும். சிறிய விஷயம்தான், ஆனால் மினியேச்சர் ஷீட் ஒன்றின் நடுவில் வாங்குபவரின் பின்கோடு பள்ளமாகத் தெரிந்தால் அது விற்ற விலைக்கு உரிய பொருள் இல்லை.

அடுத்தது தேதி முத்திரை. கிளை அலுவலகங்களில் கவரின் வலது மேல் மூலையில் இரும்பு முத்திரையால் ஓங்கிக் குத்துவார்கள். அவர்கள் கையில் நூற்றுக்கணக்கான கவர் இருக்கும். உள்ளே என்ன என்று யோசிக்க நேரம் இருக்காது, யோசிக்க வேண்டியதும் அவர்கள் பொறுப்பில்லை. ஆகவே உள்ளே இருக்கும் பொருளை இடது கீழ்ப்பக்கம் தள்ளி, அட்டையோடு சேர்த்து நகராமல் நிறுத்த வேண்டும். முத்திரை விழும் இடத்தில் அட்டை மட்டும் இருக்கட்டும். முதல் நாள் உறை போன்று கவரின் அளவுக்கே பெரிதான பொருள் என்றால், இரண்டு விரல் பெரிய கவர் எடுக்க வேண்டும். அப்போதுதான் மூலை மடங்காது.

அட்டைகளை டேப்பால் இணைக்கும்போது எல்லாப் பக்கமும் இறுக்கி ஒட்டுகிறார்கள். வாங்கியவர் கத்திரிக்கோலை எடுப்பார். கத்திரிக்கோலுக்கும் தபால்தலையின் பல்விளிம்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு ஓரத்தில் மட்டும் ஒட்டி, டேப்பின் முனையை மடித்துப் பிடித்து இழுக்கும்படி விட்டால், வாங்கியவர் நகத்தாலேயே பிரிப்பார். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம், துருப்பிடிக்கும்.

1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி தபால்தலை வரிசையில் பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் ஏராளம். ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அடித்த அசல் என்று நிபுணர் சான்றிதழோடு விற்பவர்கள், தலையைப் பத்திரமாக அட்டைக்குள் வைத்துவிட்டுச் சான்றிதழை நாலாக மடித்துச் செருகுகிறார்கள். அந்தத் தாள் இல்லாமல் தலைக்கு மறுவிற்பனை விலை கிடைக்காது. சான்றிதழும் மடியாமல் போகிற பெரிய கவர்தான் அதற்குச் சரி.

நாணயம் ஆடக்கூடாது

நாணயத்துக்கு எதிரி அசைவு. தளர்வாகக் கிடக்கும் நாணயம் வழியெல்லாம் கவரின் ஒரே ஓரத்தில் மோதிக்கொண்டிருக்கும். ஈரமான தாளை அதன் விளிம்பே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கவர் சேரும், காசு சேராது. பெற்றவர் பொய் சொல்கிறாரோ என்று விற்றவரும், வெறும் கவரை அனுப்பிவிட்டாரோ என்று பெற்றவரும் நினைத்துப் பல வருடப் பழக்கம் முறிந்துபோவது இந்த வட்டாரத்தில் புதிதல்ல.

இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டரில் நாணயத்தை வைத்து, அந்த ஹோல்டரைத் தடித்த அட்டையின் நடுவில் டேப் போட்டு நிறுத்தி, மேலே இன்னொரு அட்டை மூடினால் ஆடாது. ஹோல்டரின் ஊசி முனைகளைத் தட்டையாக நசுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து நாணயத்தில் கீறல் விழும். பல நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கம் பக்கமாகப் பரப்ப வேண்டும். தொட்டால் மெத்தென்று வளையும் பி.வி.சி. உறை மலிவு, பார்வைக்கும் பளிச்சென்று இருக்கும். ஆனால் நாள்பட்டால் அதிலிருந்து கசியும் பொருள் செம்பின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். வாங்குபவர் அதே உறையில் வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடும் என்று எண்ணி, மொடமொடப்பான பாலியெஸ்டர் உறையிலேயே அனுப்புவது நல்லது. ரப்பர் பேண்டும் போடக்கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

பழைய நோட்டுக்கு மடிப்புதான் மரணம். நோட்டைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிய அட்டை வைக்க வேண்டும், அவ்வளவே. செல்லாத 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வாங்கி விற்கிறவர்கள் மட்டும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாகப் பத்து நோட்டுக்கு மேலும், ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் இருபத்தைந்துக்கு மேலும் வைத்திருப்பது குற்றம். கட்டாக யாராவது அனுப்பச் சொன்னால் மறுத்துவிடலாம்.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டிப் படங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. பிரித்தெடுத்த படம் என்றால் தபால்தலை போலவே அனுப்பலாம். முழுப் பெட்டி என்றால் முதலில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்புவதற்குத் தடை உண்டு. குச்சியோடு இருந்தால்தான் மதிப்பு என்கிற வாங்குபவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். வெற்றுப் பெட்டிக்குள் பஞ்சையோ சுருட்டிய மெல்லிய தாளையோ நிரப்பினால் நசுங்காது. உரசும் பக்கம் பக்கத்துப் பெட்டியின் படத்தில் தேயாதபடி ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட வேண்டும். கவர் இதற்கு ஆகாது, சிறிய அட்டைப் பெட்டிதான்.

தொலைந்தால் எவ்வளவு?

விரைவுத் தபால் ரசீது கையில் இருந்தால் பொருளுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். காப்பீடு செய்யாத விரைவுத் தபால் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 47 ரூபாய் கட்டி எட்டாயிரம் ரூபாய் நாணயத்தை அனுப்பியவருக்கு 94 ரூபாய் வரும். பதிவும் ஓ.டி.பி. முறையும் தவறான ஆளிடம் போகாமல் காக்கும். இரண்டுக்கும் தனித்தனியே 5 ரூபாயும் வரியும்தான், விலையுள்ள பொருளுக்கு இவற்றை விடக்கூடாது. ஆனால் பண இழப்பைத் தாங்குவது காப்பீடு ஒன்றே. விரைவுத் தபாலில் ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு எடுக்கலாம். கூரியரில் கொடுப்பவர்கள் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கட்டும். நாணயம், பணத்தாள், விலையுயர்ந்த பொருள் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் அங்கே எழுதி வைத்திருக்கின்றன.

தபாலின் மேல் நம்பிக்கை வைத்தவர்களில் ஹாரி வின்ஸ்டனைப் போல இன்னொருவர் இல்லை. நம் கோல்கொண்டா நாட்டுக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் ஹோப் வைரம், 45.52 கேரட், அந்த நியூயார்க் நகை வியாபாரியிடம் இருந்தது. 1958இல் அதை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். காவல் வண்டி வைக்கவில்லை. பழுப்புத்தாள் சுற்றிய பெட்டியில், நவம்பர் 8ஆம் தேதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். 10ஆம் தேதி தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டிய மொத்தத் தொகை 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் வெறும் 2 டாலர் 44 சென்ட், மீதி முழுக்கப் பத்து லட்சம் டாலர் காப்பீட்டுக்கு. வைரம் வந்த பழுப்புத்தாளையும் அங்குள்ள அஞ்சல் அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருக்கிறது. தபாலுக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு என்று பணத்தைப் பிரிக்கத் தெரிந்த மனிதர் அவர். வெளியே எதுவும் தெரியாத சாதாரணப் பழுப்புத்தாளைத் தேர்ந்ததும் அதே அறிவுதான். "அபூர்வ நாணயம், கவனம்" என்று கவரின் மேலே சிவப்பு மையில் எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அனுப்பும் முன் பொருளின் இரு பக்கமும், நோட்டின் வரிசை எண்ணும், ஒட்டிய கவரும் தெரியப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுவது பிற்பாடு வரும் சண்டையைத் தவிர்க்கும்.

கடல் தாண்டும் கவர்

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் இருக்கும் தமிழர்கள் இங்குள்ள பழம்பொருள்களை ஆசையாகக் கேட்கிறார்கள். இங்கே விற்பவர் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் கவரை மூடக்கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை, மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சோழர் காசும் கிழக்கிந்தியக் கம்பெனியின் செம்புக் காசும் மட்டுமல்ல, ஐந்தாம் ஜார்ஜின் 1919ஆம் ஆண்டு ரூபாயும் இதில் அடங்கும். "நண்பருக்குப் பரிசு" என்று எழுதி அனுப்பினாலும் குற்றம் குற்றமே.

வயது குறைந்த நாணயத்துக்கும் நோட்டுக்கும்கூட உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி இருக்கிறது: காப்பீடு இல்லாத சாதாரணக் கடிதத்தில் அவற்றை வைக்கக்கூடாது. சுங்கப் படிவத்தில் உண்மையான விலையை எழுத வேண்டும். குறைத்து எழுதினால், தொலையும் நாளில் குறைந்த தொகைக்கு மேல் கேட்க வாய் இருக்காது. நாட்டுக்கு நாடு விதி திடீரென்று மாறவும் செய்யும். 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா நீக்கியதால், 2025 ஆகஸ்ட் 25இலிருந்து அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை இந்திய அஞ்சல் துறை வாங்கவில்லை. அக்டோபர் 15இல்தான் மறுபடி தொடங்கியது. பணம் வாங்குவதற்கு முன் கவுன்டரில் விசாரித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

சிறுவர்களின் கவர்

கவலை தருவது பணக்காரச் சேகரிப்பாளர் இல்லை. ஐயாயிரம் ரூபாய்த் தலை வாங்குபவருக்கு 61 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் இந்தப் பழக்கத்தின் வேர். அவர்கள் வாங்குவது பத்து, இருபது ரூபாய்த் தலைகள். சென்னை அண்ணா சாலைத் தபால்தலைப் பிரிவுக்கு நடந்து போகக்கூடிய பிள்ளைக்குக் குறையில்லை. பரமக்குடியிலும் ஆம்பூரிலும் இருக்கும் பிள்ளைக்குத் தபால்தான் வழி.

இதில் வருத்தமான முரண் ஒன்று உண்டு. தபால்தலை சேகரிப்பை வளர்க்க அஞ்சல் துறையே 2017இல் தீனதயாள் ஸ்பர்ஷ் என்ற திட்டத்தைத் தொடங்கி, 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களில் தேர்வானவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. மாதத்துக்கு 500 ரூபாய். அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் வெளியூரிலிருந்து பதிவோடு எட்டுக் கவர் வரவழைத்தால் அந்த மாத உதவித்தொகை கிட்டத்தட்ட முழுவதும் தபால் செலவிலேயே தீர்ந்துவிடும். விரைவுத் தபாலில் மாணவர்களுக்கு 10 சதவீதச் சலுகை அறிவித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அது அனுப்புகிற மாணவருக்கான சலுகை. இங்கே பிள்ளை இருப்பது பெறுகிற பக்கத்தில்.

துறையிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பதிவு என்பதை இப்போது 5 ரூபாய்க் கூடுதல் சேவையாக மாற்றிவிட்டார்கள். அதை விரைவுத் தபாலோடு மட்டும் கட்டிப்போடாமல், 20 கிராம் சாதாரணக் கடிதத்தோடும் வாங்கிக்கொள்ள அனுமதிக்கலாம். மெதுவாகப் போகட்டும், நாலு நாள் ஆகட்டும், தபால்தலைக்கு அவசரம் இல்லை. ஐந்தும் ஐந்தும் பத்து, வரியோடு பன்னிரண்டு ரூபாய்க்குள் ஒரு ரசீதும் ஒரு கையெழுத்தும் கிடைத்துவிடும். அதுவரை விற்பவர்கள் செய்யக்கூடியது: சிறுவர்களின் சிறிய வாங்குதல்களை ஒரு மாதம் சேர்த்துவைத்து, 50 கிராமுக்குள் ஒரே கவராக, தபால் செலவில் பாதியைத் தாமே ஏற்று அனுப்புவது. சிலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்துவருகிறார்கள்.